பிள்ளை “அங்கே போய்த் தொழில் தொடங்குகிறேன்” என்றால்...

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன முறை தண்ணீர் லாரிக் கணக்கைப் பற்றிப் பேசினேன். இந்த முறை செயலாளர் அம்மா, “சார், வெளிநாட்டு பிசினஸ் விசா பற்றிப் பேசுங்களேன். நம் குடியிருப்பிலேயே மூன்று வீட்டில் இந்தப் பேச்சு ஓடுகிறது” என்று கேட்டுக்கொண்டார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, விசா ஆலோசகரும் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். அதில் கடைசிச் சில வருடங்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். தொழில்முனைவோர் விசா என்றால் அதில் பாதி பணத்தின் கதை. அந்தப் பாதி எனக்குப் பழக்கமானது. மீதிப் பாதியை அந்தந்த அரசு வெளியிட்ட விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

எல்லா நாட்டையும் பேசினால் காபி ஆறிவிடும். நம் வீடுகளில் அதிகம் அடிபடும் பெயர் பிரிட்டன் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். மற்ற நாடுகளைக் கடைசியில் தொட்டுக்கொள்கிறேன்.

பணத் தொகை குறைந்தது, சோதனை கூடியது

பிரிட்டனில் 2008-ல் ‘டியர் 1 என்ட்ரப்ரனர்’ என்று ஒரு விசா வந்தது. அதன் பொது விதி, 2 லட்சம் பவுண்டு கையில் இருக்க வேண்டும் என்பது. பணம் இருக்கிறது என்று வங்கிக் கடிதம், மற்ற தாள்கள், இங்கிலீஷ் தேர்வு, இவை சரியாக இருந்தால் பாயின்ட் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். தொழில் என்ன, அதை இந்த ஆள் நடத்துவாரா என்று ஆரம்பத்தில் யாரும் துருவிக் கேட்கவில்லை.

விளைவு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உண்மையாகத் தொழில் செய்ய வந்தவர்களோடு, விசாவுக்காகவே ஒரு கம்பெனியைப் பதிவு செய்தவர்களும் வந்தார்கள். 2013 ஜனவரியில் ‘உண்மையான தொழில்முனைவோர்தானா’ என்ற சோதனையைக் கொண்டுவந்தார்கள். 2015-ல் அந்த அரசின் குடியேற்ற ஆலோசனைக் குழு ஆராய்ந்து, இந்த விசாவில் வந்தவர்களில் நிறையப் பேரின் தொழிலால் நாட்டுக்குப் பெரிய பயன் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. 2019 மார்ச் 29-ஆம் தேதியோடு புதியவர்களுக்கு அந்த விசா மூடப்பட்டது.

அடுத்து ‘இன்னோவேட்டர்’ விசா வந்தது. 2 லட்சம் பவுண்டு 50 ஆயிரமாகக் குறைந்தது. 2023 ஏப்ரல் 13 முதல் ‘இன்னோவேட்டர் ஃபவுண்டர்’. இதில் அந்த 50 ஆயிரமும் கிடையாது. குறைந்தபட்சத் தொகை என்ற ஒன்றே இல்லை.

இந்த இடத்தில்தான் ஏஜென்ட்டுகள் விளம்பரம் போடுகிறார்கள். “முதலீடு தேவையில்லை! பிரிட்டனில் மூன்றே வருடத்தில் பி.ஆர்.!” கேட்க இனிக்கிறது. ஆனால் விதியை முழுதாகப் படித்தால், தொகை குறையக் குறைய சோதனை கூடிக்கொண்டே வந்திருப்பது தெரியும். பாஸ்புக்கைப் பார்ப்பது போதாது, ஆளையும் தொழிலையும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

இப்போது என்ன கேட்கிறார்கள்?

விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன், அரசு அங்கீகரித்த ஒரு அமைப்பிடம் ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும். இந்த அமைப்புகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. பட்டியல் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் இருக்கிறது. கடிதம் வாங்கிய மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

அவர்கள் மூன்று விஷயம் பார்க்கிறார்கள்.

ஒன்று, புதுமை. சந்தையில் ஏற்கெனவே இருப்பதையே இன்னொருவர் செய்வது போதாது. நம் பிள்ளை நல்ல இட்லிக் கடை வைப்பான், கூட்டமும் வரும். ஆனால் லண்டனில் இன்னும் ஒரு இட்லிக் கடை என்பது இந்த விசாவுக்குப் பொருந்தாது.

இரண்டு, நடக்கக்கூடிய தொழிலா என்பது. அதற்கான படிப்பு, அனுபவம், சந்தை அறிவு விண்ணப்பதாரரிடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பத்து வருடம் சாஃப்ட்வேரில் இருந்தவர் திடீரென்று மருத்துவக் கருவி செய்யப் போகிறேன் என்றால் அடுத்த கேள்வி எப்படி வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, வளரக்கூடியதா என்பது. ஆட்களை வேலைக்கு எடுத்து, உள்நாட்டிலும் வெளியிலும் சந்தை பிடிக்கும் திட்டம் இருக்க வேண்டும்.

இதோடு, யோசனை விண்ணப்பதாரருடையதாக இருக்க வேண்டும், அல்லது அதை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு இருக்க வேண்டும். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொழிலில் போய்ச் சேர முடியாது. அன்றாட நிர்வாகத்தில் அவரே இருக்க வேண்டும். ஆகவே ‘ரெடிமேட் பிசினஸ் பிளான்’ விலைக்கு வாங்குவதில் அர்த்தமே இல்லை. அதன் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும்.

இங்கிலீஷ் ‘பி2’ நிலையில் தேவை. இங்கே இங்கிலீஷ் மீடியத்தில் வாங்கிய பட்டம் இருந்தால் தேர்வு இல்லாமலும் காட்டலாம். அதற்கு ‘எக்டிஸ்’ என்ற அமைப்பின் சான்று வாங்க வேண்டும். பட்டச் சான்றிதழை நேராக நீட்டினால் செல்லாது.

விசா கிடைத்ததும் முடிந்துவிடவில்லை. ஒப்புதல் தந்த அமைப்பு, ஏறக்குறைய 12-ஆம் மாதத்திலும் 24-ஆம் மாதத்திலும் கூப்பிட்டு முன்னேற்றம் கேட்கும். காரணமில்லாமல் தொழில் நின்றுபோயிருந்தால் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அது போனால் விசாவும் ஆட்டம் காணும்.

‘மூன்றே வருடத்தில் பி.ஆர்.’ என்பதற்கு வருகிறேன். மூன்று வருடம் முடிந்து நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம் என்பது இப்போதைய விதிதான். ஆனால் ஏழு நிபந்தனைகளில் இரண்டையாவது பூர்த்தி செய்திருக்க வேண்டும். தொழிலில் 50 ஆயிரம் பவுண்டு போட்டு அது செலவாகியிருப்பது ஒரு நிபந்தனை. வருடத்துக்கு 10 லட்சம் பவுண்டு வருமானம் இன்னொன்று. உள்ளூர்வாசிகள் பத்து பேருக்கு முழுநேர வேலை கொடுத்திருப்பது மற்றொன்று. வாசலில் கேட்காத 50 ஆயிரத்தை உள்ளே போனபின் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். நிபந்தனை நிறைவேறாவிட்டால் விசாவை நீட்டிக்கக் கேட்கலாம், ஆனால் கட்டணங்கள் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. தவிர, 2025 மே மாதம் அந்த அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், நிரந்தரக் குடியிருப்புக்கான பொதுவான காலத்தை ஐந்து வருடத்திலிருந்து பத்தாக்கும் திட்டத்தை வைத்தார்கள். ஆகவே இன்றைய மூன்று வருடக் கணக்கை நம்பி ஒரு குடும்பத்தின் கணக்கைப் போடாதீர்கள்.

கையிலிருந்து என்ன போகும்?

கணவன், மனைவி, ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்வோம். ஒப்புதலுக்கு 1,000 பவுண்டு. இரண்டு முன்னேற்றக் கூட்டத்துக்குத் தலா 500. ஆக 2,000. விசாக் கட்டணம் ஆளுக்கு 1,000 பவுண்டுக்கு மேல், மூன்று பேருக்கு 3,000-க்கு மேல். அங்கத்திய அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம் பெரியவருக்கு வருடம் 1,035, குழந்தைக்கு 776. மூன்று வருடத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். இரண்டு பெரியவருக்கு 6,210, குழந்தைக்கு 2,328, மொத்தம் 8,538 பவுண்டு.

எல்லாம் கூட்டினால் 13,500 பவுண்டைத் தாண்டுகிறது. பவுண்டு நூறு ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் பதின்மூன்றரை லட்சம். இதில் ஒரு ரூபாய்கூடத் தொழிலுக்குப் போகவில்லை. டிக்கெட், வாடகை, முன்பணம் எதுவும் இதில் சேரவில்லை. விசா மறுக்கப்பட்டால் மருத்துவக் கட்டணம் திரும்ப வரும், விசாக் கட்டணம் வராது.

பணம் எங்கிருந்து வந்தது?

இது என் கவுன்டர் விஷயம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிழைப்புக்கான பணம் என்று விண்ணப்பதாரர் 1,270 பவுண்டு காட்ட வேண்டும். துணைவருக்கு 285, முதல் குழந்தைக்கு 315. தொகை சிறியது. ஆனால் அது தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் நூறு ரூபாய் குறைந்து கீழே போனாலும் கணக்கு மறுபடியும் முதல் நாளிலிருந்து. ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதியும் விண்ணப்பத்துக்கு 31 நாளுக்குள் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் இ.எம்.ஐ. போகும் கணக்கை இதற்கு வைக்காதீர்கள். தனிக் கணக்கில் போட்டு, அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

தொழிலுக்கான பணத்துக்கு 28 நாள் கணக்கு போதாது. ஒப்புதல் தரும் அமைப்பு, இந்தப் பணம் நேர்வழியில் வந்ததா, இவர் தகுந்த நபரா என்று திருப்திப்பட வேண்டும். நம் வீட்டுப் பணத்தில் தவறு ஒன்றும் இருக்காது. ஆனால் தாள் இருக்காது. பாட்டி நகையை விற்ற பணம், மைத்துனர் ரொக்கமாகத் திருப்பித் தந்தது, கிராமத்து நிலத்தின் குத்தகை என்று எல்லாம் கலந்து ஒரே நாளில் பெரிய தொகையாகக் கணக்கில் விழும். பார்ப்பவருக்கு அது வெறும் ‘திடீர் டெபாசிட்’.

ஆகவே பேச்சு தொடங்கிய அன்றே ஒரு ஃபைல் போடுங்கள். நகை விற்ற ரசீது, பத்திர நகல், எஃப்.டி. முடிந்த சீட்டு, வருமான வரி ரிட்டர்ன், அப்பா பணம் கொடுத்தால் ‘அன்பளிப்பாகக் கொடுத்தேன், திரும்பத் தர வேண்டியதில்லை’ என்று ஒரு கடிதம். அப்பா அம்மா கொடுக்கும் அன்பளிப்புக்கு இங்கே பிள்ளை வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும்.

கவுன்டரில் நான் பலமுறை கேட்ட வார்த்தை, “சார், லெட்டர்ல தேதியை மட்டும் ஒரு மாசம் முன்னாடி போட்டுத் தாங்களேன்.” செய்ய மாட்டோம். அதற்காகக் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் தூதரகத் தரப்பிலிருந்து கிளைக்கு நேராகக் கேட்டுச் சரிபார்ப்பது வழக்கம் என்பது அவர்களுக்குத் தெரியாது. பொய்யான தாள் என்று தெரிந்தால் மறுப்பு மட்டும் இல்லை, பிரிட்டனுக்குப் பத்து வருடம் விண்ணப்பமே எடுபடாது. ‘விசாவுக்குக் காட்டப் பணம்’ என்று ஒரு மாத வட்டிக்குப் போட்டு எடுப்பவர்களையும் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

நம் ஊர் விதிகள்

அந்த ஊர் விதிகளைப் படிக்கிறவர்கள், நம் ரிசர்வ் வங்கி விதிகளை மறந்துவிடுகிறார்கள்.

‘எல்.ஆர்.எஸ்.’ திட்டத்தில் இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு மடங்கு அனுப்பலாமே என்று கேட்பார்கள். முதலீட்டுக்காக அப்படிச் சேர்த்து அனுப்ப வேண்டுமானால் அனுப்பும் ஒவ்வொருவரும் அந்த முதலீட்டில் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும்.

முதலீட்டுக்காக அனுப்ப வங்கி கடன் தரக்கூடாது என்பதும் விதி. “வீட்டை அடமானம் வைத்து லோன் எடுத்து அப்படியே அனுப்பிவிடலாம்” என்ற திட்டம் இங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது டி.சி.எஸ். படிப்பு, மருத்துவம் தவிர மற்றவற்றுக்கு வருடத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் வங்கி பிடித்துக் கட்டும். 50 லட்சம் அனுப்பினால், 40 லட்சத்துக்கு 8 லட்சம். இது கூடுதல் வரி இல்லை. ரிட்டர்ன் போடும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதுவரை அந்த 8 லட்சம் கையில் இருக்காது. அனுப்பியவர் பெயரில்தான் வரவாகும். பென்ஷன்காரர் அப்பா அனுப்பினால், பணம் அப்பாவின் ரிட்டர்னுக்காகக் காத்திருக்க வேண்டும்.

கடைசியாக, பிள்ளை இங்கே இருந்தபடியே அங்கே ஒரு கம்பெனி பதிவு செய்து அதன் பங்குக்குப் பணம் அனுப்பினால் அது ‘வெளிநாட்டு நேரடி முதலீடு’. 2022 ஆகஸ்டில் இதற்குப் புதிய விதிகள் வந்தன. வங்கி மூலம் எஃப்.சி. பாரம் கொடுத்து, தனி அடையாள எண் வாங்கிய பிறகே பணம் போக வேண்டும். பொதுவாக ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கையும் கொடுக்க வேண்டும். அங்கே கம்பெனி பதிவு செய்வது ஆன்லைனில் சொற்பக் கட்டணத்தில் முடிந்துவிடுகிறது. அதனால் இதை யோசிக்காமல் செய்துவிட்டு, பிறகு தாமதக் கட்டணம் கட்டுகிறார்கள். பதிவு செய்யும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மற்ற நாடுகள்

கனடாவின் ‘ஸ்டார்ட்-அப் விசா’ 2013-ல் தொடங்கியது. விண்ணப்பம் குவிந்ததால், 2024 ஏப்ரல் 30 முதல் ஒரு அங்கீகார அமைப்பு வருடத்துக்குப் பத்து தொழில்களை மட்டுமே பரிந்துரைக்கலாம் என்றார்கள். 2025 டிசம்பர் இறுதியோடு, ஏற்கெனவே பரிந்துரை வாங்கியவர்களைத் தவிர, புதிய விண்ணப்பங்களையே நிறுத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியா தன் தொழில் முதலீட்டு விசாவை 2024 ஜூலையில் மூடிவிட்டது. அமெரிக்காவின் ‘இ-2’ விசா, ஒப்பந்த நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும். இந்தியா அதில் இல்லை. ‘இபி-5’ உண்டு. 2022-ல் வந்த சட்டப்படி குறைந்தது 8 லட்சம் டாலரும் பத்து பேருக்கு வேலையும் வேண்டும்.

எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான். பழைய விதியை நினைவில் வைத்துக்கொண்டு, “என் நண்பர் அப்படித்தான் போனார்” என்று சொல்பவரின் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவர் போன கதவு இன்று இல்லாமல் இருக்கலாம்.

கேள்வி நேரத்தில் வந்தவை

இரண்டாவது மாடித் தம்பி கேட்டார்: “அங்கிள், நான் அங்கே எம்.எஸ்ஸி. போகிறேன். படிக்கும்போதே கம்பெனி தொடங்கலாமா?”

மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது தம்பி. விதியை மீறினால் பிறகு எந்த விசாவுக்கும் அது தடையாக நிற்கும். ஆனால் படிப்பு முடிந்ததும் ‘கிராஜுவேட்’ விசா இரண்டு வருடம் கிடைக்கும். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது ஒன்றரை வருடம். அதில் சுயதொழில் செய்யலாம், யாருடைய ஒப்புதலும் வேண்டாம். சந்தையை நேரில் பார்க்க, யோசனை எடுபடுமா என்று தெரிந்துகொள்ள, அதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் அதில் தொழிலை முழுதாக நடத்த ஆரம்பிக்கும் முன், இன்னோவேட்டர் விசாவின் ‘புதிய தொழில்’ விதியை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்.

டி பிளாக் மாமி கேட்டார்: “ஏஜென்ட் நூறு சதவீதம் கேரண்டி என்கிறாரே?”

அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள் மாமி. முடிவு ஒப்புதல் அமைப்பின் கையிலும் பிரிட்டன் அரசின் கையிலும் இருக்கிறது. கேரண்டி தர ஏஜென்ட்டுக்கு என்ன அதிகாரம்? பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை சொல்பவர் அங்கே பதிவு பெற்றவராகவோ வக்கீலாகவோ இருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு எண்ணைக் கேட்டு, இணையதளத்தில் சரிபார்த்துவிட்டு அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

மூன்றாவது கேள்வியைக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து லிஃப்ட் அருகே ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “சார், இந்த ஃபிளாட்டை விற்றுப் பையனுக்குக் கொடுக்கலாமா?”

அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். இது விதி இல்லை, என் அபிப்பிராயம். தொழில் என்றால் தோற்கவும் செய்யும். பையனுக்கு முப்பது வயது. தோற்றால் எழுந்து வேலைக்குப் போவான். உங்களுக்கு அறுபத்தெட்டு. ஃபிளாட் போனால் மறுபடியும் சம்பாதிக்க உங்களுக்கு வருடம் இல்லை. தவிர, அங்கே அவன் தொழில் தடுமாறும் நேரத்தில், ‘அப்பா அம்மா வாடகை வீட்டில் இருக்கிறார்கள்’ என்ற பாரம் அவனை நிதானமாக முடிவெடுக்கவும் விடாது.

கொடுக்க வேண்டுமென்றால் ஒரு கோடு போடுங்கள். வீடு, பென்ஷன், மருத்துவத்துக்கு ஒதுக்கிய எஃப்.டி., இந்த மூன்றும் கோட்டுக்கு அந்தப் பக்கம். மீதியில் முழுதாகப் போனாலும் தூக்கம் கெடாத தொகை எவ்வளவோ, அதைச் சந்தோஷமாக, எழுத்தில், அன்பளிப்பாகக் கொடுங்கள். போதவில்லை என்றால், பிள்ளை இரண்டு வருடம் இங்கேயே அந்தத் தொழிலைச் சின்னதாக நடத்திக் காட்டட்டும். ஒப்புதல் அமைப்பு கேட்கும் அனுபவமும் சந்தை அறிவும் அதில் கிடைத்துவிடும். நம் தோழர் வீட்டுக்கு மட்டுமல்ல, எந்த வீட்டுக்கும் அந்த இரண்டு வருடம் வீண் இல்லை.

ஃபைல் போடுவதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால், ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். ஸ்டேட்மென்ட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். கட்டணம் இல்லை, கேரண்டியும் இல்லை.